பென்டியம் 3 + வூடூ3 பெட்டியைச் சத்தமில்லாமல் ஓட்டுவது எப்படி? (விண்டோஸ் 98, 440பிஎக்ஸ்)

பழையபெட்டி:
வணக்கம் மக்களே. கான்ஃபிக் இதுதான்: 440பிஎக்ஸ் (இன்டெல் சிப்செட்) போர்டு, ஸ்லாட் 1 (சிபியுவை கார்ட்ரிட்ஜா மாட்டற வகை), பென்டியம் 3 800, 256 எம்பி ரேம், வூடூ3 3000 ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, ஏடபிள்யூஇ64 ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டு, 20 ஜிபி 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க், 52எக்ஸ் சிடி டிரைவ், பெட்டியோடு வந்த 250 வாட் பவர் சப்ளை. விண்டோஸ் 98 எஸ்இ, கூடவே டாஸ் கேம்ஸ். எல்லாம் நல்லா ஓடுது, சத்தம்தான் தாங்கல. ஃபேனே இல்லாத பெட்டியா மாத்திடலாமான்னு யோசனை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது? ரூம்ல ஏசி கிடையாது, மே மாசம் 36, 37 டிகிரி சாதாரணமா வரும்.

ஸ்லாட்ஒன்:
முதலில் எது கத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள், அப்புறம் காசு செலவழிக்கலாம். பெட்டியை அணைத்து, ஹார்டு டிஸ்க்கின் பவர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஆன் செய்து பயாஸ் திரையிலேயே நிறுத்துங்கள். இப்போது கேட்பது ஃபேன்களின் சத்தம் மட்டும். அடுத்து சிபியு ஃபேனின் நடு மூடியில் (இறக்கையில் இல்லை) விரலை லேசாக வைத்து ஐந்து விநாடி நிறுத்துங்கள். 800க்கு அந்த ஐந்து விநாடியில் ஒன்றும் ஆகாது. மிச்சம் இருப்பது பவர் சப்ளை.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் வரிசை இப்படி இருக்கும்: பால் பேரிங் ஹார்டு டிஸ்க்கின் கீச்சென்ற விசில் முதலில், பவர் சப்ளையின் 80 மிமீ ஃபேன் இரண்டாவது, சிபியுவின் குட்டி ஃபேன் மூன்றாவது. டிஸ்க்கின் விசில் உயர் சுருதி என்பதால் அளவு குறைவாக இருந்தாலும் காதைக் குடையும். அதை விட்டுவிட்டு ஃபேனை மட்டும் மாற்றினால் முன்பைவிட மோசமாகத் தோன்றும், ஏனென்றால் அதுவரை ஃபேன் இரைச்சல் விசிலை மறைத்துக்கொண்டிருந்தது.

ஃபேனே இல்லாமல் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். 800 கோப்பர்மைன் (உங்கள் பென்டியம் 3இன் உள்பெயர்) எடுப்பது சுமார் 20 வாட்தான், பெரிய ஹீட்சிங்க் இருந்தால் சிபியு தாங்கும். தாங்காதது மற்றவை. ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் சிபியு ஃபேன் தள்ளும் காற்றை நம்பி வைக்கப்பட்டவை. வூடூ3க்கு ஃபேன் கிடையாது, ஆனால் அதன் ஹீட்சிங்க் தொட முடியாத அளவு சுடும். அதுவும் பெட்டிக்குள் ஓடும் காற்றை நம்பித்தான் இருக்கிறது. வெளிநாட்டு ஃபோரங்களில் ‘ஃபேன்லெஸ் பென்டியம் 3’ என்று படம் போடுபவர்களின் அறை 20, 22 டிகிரி. உங்கள் அறையில் உள்ளே இருக்கும் எல்லாமே அதைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கும்.

ஒரு பெரிய, மெதுவான ஃபேன் போதும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கேட்காது.

டாஸ்ப்ராம்ப்ட்:
டிஸ்க் விஷயத்துக்கு இரண்டு வழி: காம்பாக்ட் ஃபிளாஷ் (சிஎஃப்) கார்டு, இல்லை சாட்டா எஸ்எஸ்டி + ஐடிஇ பிரிட்ஜ் (சாட்டாவைப் பழைய ஐடிஇ கேபிளுக்கு மாத்தற சின்ன போர்டு).

சிஎஃப் கார்டுக்கு எலெக்ட்ரானிக்ஸே வேண்டாம். கார்டுக்கு உள்ளேயே ஐடிஇ மோடு இருக்கு, அடாப்டர் வெறும் கம்பி இணைப்பு. அங்கேதான் சிக்கல். மலிவான பல அடாப்டர்களில் டிஎம்ஏவுக்கான (சிபியுவை நம்பாம டேட்டா நேரா மெமரிக்குப் போற முறை) இரண்டு கோடுகளை இழுத்திருக்க மாட்டாங்க. கார்டு ‘எனக்கு டிஎம்ஏ தெரியும்’னு சொல்லும், விண்டோஸ் நம்பி டிஎம்ஏவை ஆன் பண்ணும், கம்பி இல்லாததால பூட் லோகோவிலேயே தொங்கும். சேஃப் மோடுல போய் டிவைஸ் மேனேஜர்ல அந்த டிஸ்க்கின் டிஎம்ஏ டிக்கை எடுத்துட்டா ஓடும், ஆனா பிஐஓ மோடு (டேட்டாவை சிபியுவே நகர்த்தற முறை) சிபியுவைத் தின்னும். கேம் நடுவுல லோட் ஆகும்போது சவுண்ட் திக்கும். வாங்கும்போதே டிஎம்ஏ சப்போர்ட் உள்ள அடாப்டரான்னு கேட்டு வாங்குங்க.

இன்னொன்று, கேமராவுக்கு வாங்கின கார்டில் பூட் கோடு இருக்காது. எந்த போர்டில் ஓடப்போகுதோ அதே போர்டிலேயே எஃப்டிஸ்க் (பார்ட்டிஷன் போடற டாஸ் கருவி) போடுங்க, ஆக்டிவ் பண்ணுங்க, பிறகு எஃப்டிஸ்க் /எம்பிஆர் ஒரு முறை. யுஎஸ்பி ரீடர்ல பார்ட்டிஷன் போட்டுக் கொண்டுவந்தா சிலிண்டர்/ஹெட் கணக்கு பயாஸ் கணக்கோட ஒத்துப்போகாம ‘ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை’ன்னு நிக்கும்.

சுத்தமான டாஸ் பெட்டிக்கு சிஎஃப் தான் என் ஓட்டு. விண்டோஸ் 98க்கு இல்லை. ஸ்வாப் ஃபைல், ரெஜிஸ்ட்ரினு சின்னச் சின்னதா எழுதிக்கிட்டே இருக்கும், சாதாரண சிஎஃப் அதுல திணறும். 98க்கு எஸ்எஸ்டி எடுங்க.

பழையபெட்டி:
120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்னு சும்மா கிடக்கு. அதையே போடலாமா? இந்த போர்டு அவ்வளவு பெருசைப் பார்க்குமா?

டாஸ்ப்ராம்ப்ட்:
தாராளமா போடலாம் ப்ரோ. வழியில மூணு சுவர் இருக்கு, தெரிஞ்சுக்கிட்டா போதும்.

முதல் சுவர் 32 ஜிபி. 1999 நடுவுக்கு முந்தைய பல அவார்ட் பயாஸ்கள் இதைத் தாண்டின டிஸ்க்கைக் கண்டா ஆட்டோடிடெக்ட்லயே உறைஞ்சுடும். போர்டு தயாரிப்பாளர் கடைசியா விட்ட பயாஸ் போட்டா பெரும்பாலும் தீரும். இரண்டாவது 64 ஜிபி. 98ஓட வர்ற எஃப்டிஸ்க் அதுக்கு மேலே உள்ள டிஸ்க்கின் அளவைத் தப்பாக் காட்டும், அதுக்குத் திருத்தின எஃப்டிஸ்க் தனியா இருக்கு. மூணாவது 137 ஜிபி, 28 பிட் எல்பிஏ (செக்டர் எண்) எல்லை. 98ன் ஐடிஇ டிரைவருக்கு (இஎஸ்டிஐ_506.பிடிஆர்) அதுக்கு மேலே தெரியாது, தாண்டி எழுதினா டிஸ்க்கின் ஆரம்பத்துல போய் எழுதி எல்லாத்தையும் நாசம் பண்ணும். உங்க 120 ஜிபி அதுக்குக் கீழே, பிரச்சனை இல்லை.

பயாஸ் அப்டேட் கிடைக்கலைன்னா எஸ்எஸ்டியையே சின்னதா காட்ட வைக்கலாம். சாட்டா உள்ள ஒரு லினக்ஸ் மெஷின்ல நேரடியாக் கோத்து, ஹெச்டிபார்ம் கருவியின் ‘-என்’ ஆப்ஷன்ல 6,25,00,000 செக்டர்னு நிரந்தரமா அமைச்சுடுங்க. எண்ணுக்கு முன்னாடி ‘பி’ எழுத்து போட்டாத்தான் நிரந்தரம், இல்லேன்னா பவர் போனதும் பழைய அளவுக்கே வந்துடும். ஒரு செக்டர் 512 பைட், ஆக 3,200 கோடி பைட், 32 ஜிபி சுவருக்குள்ள அடங்கும். இதை பிரிட்ஜ் வழியா முயற்சி பண்ணாதீங்க, பல பிரிட்ஜ்கள் அந்தக் கட்டளையைக் கடத்தாது. ஒதுக்கின மிச்ச இடம் வீண் இல்லை. 98க்கு ட்ரிம் (அழிச்ச இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்ற கட்டளை) தெரியாது, அந்தக் காலி இடத்தைக் கன்ட்ரோலர் தேய்மானத்தைச் சமப்படுத்தப் பயன்படுத்திக்கும்.

பிரிட்ஜ் சிப்பில் ஜேமைக்ரான் ஜேஎம்20330, மார்வெல் 88எஸ்ஏ8040 ரெண்டும் பரவலா கிடைக்குது. ஜம்பரை மாஸ்டர்ல வச்சு ப்ரைமரி கேபிள்ல அதை மட்டும் தனியா விடுங்க, சிடியை செகண்டரிக்கு மாத்துங்க. பிரிட்ஜோட இன்னொரு டிவைஸ் ஒரே கேபிள்ல இருந்தா கண்டுபிடிக்காம போறதுதான் அதிகம் வர்ற புகார். 440பிஎக்ஸ் கொடுக்கறது யுடிஎம்ஏ 33 மட்டும், வினாடிக்கு 33 எம்பிக்கு மேலே வராது. அதனால விலை கூடின எஸ்எஸ்டி தேடாதீங்க. இந்த வேகத்துக்கு 40 கம்பி கேபிளே போதும்.

நிலா98:
கேள்வி: பழைய டிஸ்க்கையே அமைதியாக்க வழி இல்லையா? அந்த ‘கரகர’ ஒலி இல்லாத ரெட்ரோ பெட்டி எனக்குப் பிடிக்காது.

ஸ்லாட்ஒன்:
இரண்டு ஒலி இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். கரகரப்பது ஹெட் நகர்வது. விசிலடிப்பது ஸ்பிண்டில் பேரிங். ஹெட்டை மெதுவாக்க ஏஏஎம் என்ற வசதி இருக்கிறது, அளவு 128 (அமைதி) முதல் 254 (வேகம்) வரை. ஐபிஎம்/ஹிட்டாச்சியின் ஃபீச்சர் டூல் டாஸ் ஃப்ளாப்பியிலிருந்தே இதை மாற்றும். டிஸ்க்கில் அந்த வசதி இருக்க வேண்டும், 2000க்கு முந்தையவற்றில் எதிர்பார்க்காதீர்கள். பேரிங் விசிலுக்கு மருந்து இல்லை. திரவ பேரிங் வந்த பிறகுதான் அது ஒழிந்தது. 2001இல் வந்த சீகேட் பாரகுடா ஏடிஏ IV அந்த வகையில் பேர் வாங்கியது. கரகரப்பு வேண்டும், விசில் வேண்டாம் என்றால் அப்படிப்பட்ட ஒன்றைத் தேடி, 5.25 அங்குல பேயில் ரப்பர் துண்டுகள் மேல் தொங்கவிடுங்கள். திருகு தகரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் பெட்டி முழுவதும் ஒலிபெருக்கி.

கரண்ட்கம்பி:
பவர் சப்ளை பத்தி யாரும் பேசல, அதான் முக்கியம். அந்த 250 வாட் டப்பாவைத் திறந்து ஃபேன் மாத்தற வேலை வேணாம்னு சொல்றேன். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் டிசி நிக்கும் (230ஐ 1.414ஆல் பெருக்கிக்குங்க). பிளக்கைப் பிடுங்கினப்புறமும் நிக்கும். அதைவிட, இருபது வருஷத்துக்கு மேல ஆன கெப்பாசிட்டர். மேல உப்பலேன்னாலும் உள்ள காஞ்சிருக்கும். அதுக்குப் போய் ஃபேன் வேகத்தையும் குறைச்சு இன்னும் சூடு ஏத்தறது எதுக்கு?

120 மிமீ ஃபேன் வச்ச புது சப்ளை வாங்குங்க. 24 பின் கனெக்டர் 20 பின் சாக்கெட்ல உக்காரும், தனியா கழலும் 4 பின்னை வெளிய விட்டுடுங்க. பாக்க வேண்டியது வாட் இல்லை, 5 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர்னு ஸ்டிக்கர்ல பாருங்க. அந்தக் காலத்து போர்டு சிபியுக்குக் கரண்ட்டை 5 வோல்ட்ல இருந்துதான் எடுக்கும். உங்க 800க்கு 20 வாட், ரெகுலேட்டர் திறன் 80 சதவீதம்னு வச்சா 25 வாட், 5ஆல் வகுத்தா 5 ஆம்பியர். மத்ததையும் சேர்த்தாலும் 15 ஆம்பியர் இருக்கற புது சப்ளை தாராளம். இதுவே தண்டர்பேர்ட் ஆத்லான் 1.4 வச்சிருந்தா 72 வாட், கணக்கு 18 ஆம்பியர். அதுக்கு மலிவான புது சப்ளை ஆகாது.

இன்னொரு விஷயம். மலிவு சப்ளைல 5ம் 12ம் ஒரே ரெகுலேஷன். 5ல மட்டும் இழுத்துட்டு 12ஐச் சும்மா விட்டா 5 தொங்கும், 12 ஏறும். 5ஐ 12ல இருந்து தனியா மாத்தற ‘டிசி டு டிசி’ வகையா பாத்து எடுத்தா இந்தத் தொல்லை இல்லை.

டெல் பெட்டி வச்சிருக்கவங்க மட்டும் நில்லுங்க. 1998க்குப் பிறகு சில வருஷம் வந்த டெல் டெஸ்க்டாப்கள்ல கனெக்டர் பாக்க ஏடிஎக்ஸ் மாதிரியே இருக்கும், உள்ள வயர் வரிசை வேற. சாதாரண சப்ளை மாட்டினா போர்டு காலி. கலர் பாத்து, மீட்டர் வச்சு அளந்துட்டு மாட்டுங்க.

நிலா98:
புது சப்ளையில் −5 வோல்ட் இல்லையே. ஐஎஸ்ஏ கார்டுக்கு அது வேண்டாமா?

கரண்ட்கம்பி:
பெரும்பாலான கார்டுக்கு வேணாம். நீங்களே பாத்துக்கலாம்: கார்டை எடுத்து சால்டர் பக்கம் திருப்புங்க, பிராக்கெட் பக்கத்துல இருந்து ஐந்தாவது தங்க விரல். அதான் பி5, −5 வோல்ட். அந்த விரலே இல்லேன்னா, இல்ல விரல் இருந்தும் அதுல இருந்து கோடு எங்கயும் போகலேன்னா, உங்களுக்கு −5 தேவையில்லை. கோடு போனா −12ல இருந்து 7905 ரெகுலேட்டர் ஒன்னு வச்சு எடுத்துக்கலாம். இழுக்கற கரண்ட் ரொம்பக் கம்மி.

பழையபெட்டி:
ஏடபிள்யூஇ64ஐக் கழட்டிப் பாத்தேன், பி5ல இருந்து கோடு எதுவும் போகல. நன்றி அண்ணா. பிகோ பிஎஸ்யு மாதிரி ஃபேனே இல்லாத குட்டி சப்ளை?

கரண்ட்கம்பி:
அதுல 5 வோல்ட்டும் 3.3ம் ஆளுக்கு 6ல இருந்து 8 ஆம்பியர்தான். சிபியு 5ஐ எடுத்துடுச்சு, வூடூ3 3.3ல இருந்து இழுக்கும், ரேமும் அங்கதான். ஓடலாம், ஆனா விளிம்புல ஓடும். 37 டிகிரி ரூம்ல விளிம்புல ஓட்டாதீங்க தம்பி.

ஸ்லாட்ஒன்:
இப்போது சிபியு. எஸ்இசிசி2 (ஸ்லாட் 1 சிபியுவின் கூடு) கார்ட்ரிட்ஜில் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகளைக் கழற்ற வேண்டாம், உடைந்தால் மாற்று கிடைக்காது. ஹீட்சிங்கை அப்படியே விட்டு ஃபேனை மட்டும் எடுங்கள். அதன் மேல் 80 மிமீ ஃபேனை இரண்டு கேபிள் டையால் கட்டுங்கள். ஃபேன் ஹீட்சிங்கைவிடப் பெரிதாகத் துருத்தும், துருத்தும் பகுதி போர்டின் ரெகுலேட்டர் பக்கம் இருக்கும்படி வையுங்கள். சிபியுவுக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் ஒரே காற்று. நாக்டுவா என்எஃப்-ஆர்8 ரிடக்ஸ் மாதிரி 1200 ஆர்பிஎம் ஃபேன் ஒன்று இதற்குப் போதும்.

இதே ஃபேனின் காற்று வூடூ3க்கும் போகிறதா என்று ஒரு நூலிழையைப் பிடித்துப் பாருங்கள். போகவில்லை என்றால் பின்புறத்தில் இன்னொரு 80 மிமீ ஃபேன், வெளியே தள்ளும்படி. ஏஜிபிக்கு அடுத்த பிசிஐ ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். வூடூ3ன் ஹீட்சிங்கை மாற்ற நினைக்காதீர்கள். அது பிசின் போட்டு ஒட்டியது, நெம்பினால் சிப்பும் சேர்ந்து வரும். பெட்டியின் பின்பக்கத்துத் துளைத் தகரம் காற்றைக் கிழித்து ‘ஸ்ஸ்’ என்று ஒலிக்கும். தகரக் கத்திரியால் வட்டமாக வெட்டிவிட்டு, கம்பி வலை ஒன்று வைத்தால் அது நிற்கும். வெட்டும்போது போர்டு உள்ளே இருக்கக்கூடாது, ஒரு இரும்புத் துணுக்கு போதும் ஷார்ட் ஆக.

பழையபெட்டி:
வீட்டுல 80 மிமீ ஃபேன் ரெண்டு இருக்கு, 2500 ஆர்பிஎம். அதையே வேகம் குறைச்சு ஓட்டலாமா? மோலெக்ஸ்ல மஞ்சளும் சிவப்பும் எடுத்து 7 வோல்ட் கொடுக்கிற டிரிக் பாத்தேன்.

கரண்ட்கம்பி:
அந்த 7 வோல்ட் டிரிக்கை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஃபேனோட கரண்ட் 12ல இருந்து 5 வோல்ட் லைனுக்குள்ள போய் இறங்குது. ஃபேன் உள்ள ஷார்ட் ஆச்சுன்னா 5 வோல்ட் லைன்ல 12 ஏறும், அதுல உங்க போர்டும் எஸ்எஸ்டியும் இருக்கு. எத்தனையோ பேர் ஓட்டறாங்க, ஒன்னும் ஆகலதான். ஆனா அஞ்சு ரூபா ரெசிஸ்டர்ல முடியற வேலைக்கு எதுக்கு அந்த ரிஸ்க்?

ஃபேன் ஸ்டிக்கர்ல 12 வோல்ட், 0.1 ஆம்பியர்னு இருந்தா அது சுமார் 120 ஓம்னு வச்சுக்கலாம். ஃபேனோட சிவப்பு வயர்ல தொடரா 56 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போடுங்க. கரண்ட் 68 மில்லிஆம்பியர், ஃபேனுக்கு 8 வோல்ட் சொச்சம் கிடைக்கும், ரெசிஸ்டர்ல கால் வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் போட்டா தொட முடியாம சுடும், அதான் 1 வாட். இல்லேன்னா 1என்4007 டயோடு அஞ்சு ஆறை வரிசையா கோத்துடுங்க, ஒவ்வொன்னும் 0.7, 0.8 வோல்ட் விழுங்கும். டயோடுல வோல்டேஜ் நிலையா இருக்கும், ஃபேன் தொடங்கும்போது ரெசிஸ்டர் மாதிரி திணறாது. எதைப் போட்டாலும் ஜில்லுனு இருக்கும்போது பத்து தடவை ஆஃப்-ஆன் பண்ணி ஒவ்வொரு தடவையும் ஃபேன் தானா சுத்துதான்னு பாருங்க. சென்னை ரிச்சி தெருவுல இதெல்லாம் சில்லறைக் காசு.

ஃபேன் பழசா இருந்து ‘கொர்ர்’னா, ஸ்டிக்கரைப் பாதி உரிச்சு தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, துடைச்சு, டேப் ஒட்டி மூடுங்க. ஸ்லீவ் பேரிங்குக்குத்தான் இது. தேங்காய் எண்ணெய் விடாதீங்க, சில மாசத்துல பிசுபிசுன்னு பசை மாதிரி ஆகி ஃபேனையே நிறுத்தும்.

டாஸ்ப்ராம்ப்ட்:
இலவசமாக் கிடைக்கிற அமைதி சிலது. பயாஸ்ல ‘பூட் அப் ஃப்ளாப்பி சீக்’கை ஆஃப் பண்ணுங்க, ஒவ்வொரு பூட்டிலும் வர்ற அந்த ‘டர்ர்ர்’ போகும். சிடி டிரைவ் 52எக்ஸ்ல ஜெட் மாதிரி அலறும். வேகத்தை 8எக்ஸ்ல கட்டிப்போட சிடிபிரெம்ஸே போன்ற சின்ன யுடிலிட்டிகள் இருக்கு, அந்தக் காலத்துக் கேம் எதுவும் அதுக்கு மேலே கேட்காது. டாஸ்ல ப்ராம்ப்டில் சும்மா இருக்கும்போது சிபியு முழு வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும். டாஸ்ஐடில் போட்டா அந்த நேரத்துல ஹெச்எல்டி (சிபியுவை நிறுத்தற கட்டளை) கொடுத்துத் தூங்க வைக்கும். ஆனா கேம் ஓடும்போது இது உதவாது, பெரும்பாலான டாஸ் கேம்கள் நிக்காம லூப்ல ஓடும். அதனால சூட்டை அளக்கறதா இருந்தா ஒரு மணி நேரம் கேம் ஓட்டிட்டு, மத்தியானத்துல, மூடி போட்ட பெட்டியில அளங்க.

பழையபெட்டி:
எஸ்எஸ்டி, புது சப்ளை, சிபியு மேல 80 மிமீ டயோடு போட்டு, எல்லாம் ஆச்சு. சத்தம் நிஜமாவே போயிடுச்சு. மதியம் ஒரு மணி நேரம் கேம் ஓட்டி அளந்ததுல சிபியு 54. ஆனா பயாஸ்ல சிபியு ஃபேன் 0 ஆர்பிஎம்னு காட்டுது, பூட்ல ‘சிபியு ஃபேன் ஃபெயில்’னு நின்னு எஃப்1 கேக்குது. ஃபேன் கண்ணெதிரே சுத்துது!

ஸ்லாட்ஒன்:
54 நல்ல எண். 60ஐத் தாண்டாதவரை கவலையே வேண்டாம்.

ஃபேனில் குறை இல்லை, எண்ணும் சிப்பின் கணக்கில்தான். எல்எம்78, விண்பாண்ட் டபிள்யூ83781டி வகைச் சிப்கள் ஃபேன் துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரத்தை 8 பிட்டில் எண்ணுகின்றன. ஆர்பிஎம் = 13,50,000 ÷ (எண்ணிக்கை × டிவைசர்). வழக்கமான டிவைசர் 2, எண்ணிக்கை 255க்கு மேல் போகாது. ஆக, சுமார் 2650 ஆர்பிஎம்முக்குக் கீழே அதற்கு எல்லாமே பூஜ்யம். அந்தக் காலத்தில் சிபியு ஃபேன் 4000, 5000இல் சுற்றியதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் சிபியு ஃபேன் வரியை ‘இக்னோர்’ என்று மாற்றுங்கள். விண்டோஸுக்குள் போன பிறகு ஸ்பீட்ஃபேன் மென்பொருளில் அந்த ஃபேனின் டிவைசரை 8 ஆக்கினால் 660 ஆர்பிஎம் வரை சரியாகக் காட்டும். ஃபேன் அலாரத்தை அணைத்ததால் சூட்டு அலாரத்தை 70இல் கட்டாயம் வையுங்கள். ஃபேன் நின்றுபோனால் இனி உங்களுக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

நிலா98:
சிடியையே ஒழித்துவிட்டு இமேஜ் (சிடியின் நகல் ஃபைல்) போட்டு விளையாடலாமே? டேமன் டூல்ஸ் 3.47 98இல் ஓடும்.

டாஸ்ப்ராம்ப்ட்:
டேட்டா மட்டும் உள்ள கேமுக்கு அருமை. டாஸ்ல ஷசுசிடிஹெச்டி அதே வேலையைச் செய்யும். ஆனா 1996ல வந்த குவேக் மாதிரி இசையை ஆடியோ டிராக்கா வச்ச கேம்கள்ல பாட்டு வராது. அந்தப் பாட்டு ஐடிஇ கேபிள்ல வர்றதே இல்லை, டிரைவ் தானே வாசிச்சு, பின்னாடி இருக்கற 4 பின் அனலாக் கேபிள் வழியா நேரா ஏடபிள்யூஇ64க்குப் போகுது. ஐஎஸ்ஓ இமேஜ்ல அந்த டிராக்குகளே இருக்காது. அப்படிப்பட்ட கேமுக்கு டிரைவை வச்சுக்குங்க. ஆடியோ வாசிக்கும்போது டிரைவ் 1எக்ஸ்லதான் சுத்தும், அப்போ சத்தமே இருக்காது. லெவல் லோட் ஆகற நேரம் மட்டும்தான் அலறும், அதுக்கு 8எக்ஸ் கட்டு போதும்.

பழையபெட்டி:
அந்த 4 பின் கேபிள் என் பெட்டியில மாட்டவே இல்லை. இத்தனை நாள் குவேக் ஏன் ஊமையா ஓடுச்சுன்னு இப்போ புரியுது. எந்தப் பக்கம் மாட்டணும்?

டாஸ்ப்ராம்ப்ட்:
டிரைவ் பின்னாடி ‘அனலாக் ஆடியோ’ன்னு போட்ட 4 பின், அதுக்குப் பக்கத்துல 2 பின் இருந்தா அது டிஜிட்டல், அதை விடுங்க. கார்டில் ‘சிடி இன்’. நடுவுல ரெண்டும் கிரவுண்ட், ஓரத்துல இடதும் வலதும், தலைகீழா மாட்டினாலும் எதுவும் எரியாது, இடது வலது மாறி வரும் அவ்வளவுதான். மாட்டிட்டு 98ன் மிக்ஸர்ல ‘சிடி ஆடியோ’ மியூட்ல இருக்கான்னு பாருங்க.